பயர் ஸ்டேஷனுக்குப் பின்தெரு

எங்கள் தெருவில் வேட்டி சேலைகளைவிட நீளமாகக் காய்ந்தது பயர் ஸ்டேஷன்காரர்களின் ஓஸ்தான். எங்காவது வைக்கோல் படப்பு எரிந்து, அதை அணைத்துவிட்டு வண்டி திரும்பியிருந்தால், மறுநாள் காலையில் ஸ்டேஷன் காம்பவுண்டுச் சுவரில் தொடங்கி, வேப்பமரத்துக் கவையில் ஏறி இறங்கி, எங்கள் வீட்டுக் கொல்லை வேலிவரைக்கும் அந்தக் கான்வாஸ் குழாய்கள் மலைப்பாம்பு மாதிரி நீண்டு கிடக்கும். ஈரத்தோடு சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடித்து இற்றுப்போகும், அதனால் வெயிலில் காயவைத்தே ஆகவேண்டும் என்பது பின்னால் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் அதன் மணம்தான். கண்மாய்ப் பாசியும் கருகிய வைக்கோலும் ஈரச் சாக்கும் சேர்ந்த ஒரு மணம். எட்டு மணி வாக்கில் வெயில் சுள்ளென்று ஏறும்போது அது கொல்லைவழியாக அடுப்பங்கரைக்குள் வந்து, ஆச்சி தாளிக்கிற கடுகு வாசனையோடு சண்டை பிடிக்கும். இன்றைக்கும் நனைந்த சாக்குப்படுதாவை முகர்ந்தால் எனக்குப் பசிக்கும். சொன்னால் சிரிப்பீர்கள்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊர் அது. அங்கே நெருப்பு ஒரு தொழில். காலையில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் வந்து பெண்டுகளை ஏற்றிக்கொண்டு போகும். போகாதவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். ஆச்சியும் ஒட்டுவாள். மடியில் ஒரு பலகை, பக்கத்தில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசை, இந்தக் கையில் அடிப்பெட்டி, அந்தக் கையில் மேல்பெட்டி. விரல்கள் தம்பாட்டுக்கு மடித்து ஒட்டிக்கொண்டிருக்க, வாய் ஊர்க்கதை பேசும். 144 பெட்டி சேர்ந்தால் ஒரு குரோஸ். என் வாய்ப்பாடே அதில்தான் தேறியது. இப்படி ஊரே தீயைப் பெட்டி பெட்டியாக அடைத்து வெளியூருக்கு அனுப்பிக்கொண்டிருந்த இடத்தில், முன்தெருவில் நாலைந்து பேர் காக்கி உடுப்போடு, தீ எப்போது வரும் என்று காத்து உட்கார்ந்திருந்தார்கள். சாயங்காலமானால் வாலிபால் ஆடினார்கள்.

காத்திருந்தார்கள் என்று சொல்வதுகூடச் சரியில்லை. அவர்களை ஊர் சும்மா இருக்கவிட்டதில்லை. தீப்பிடித்துக் கூப்பிட்டதைவிட, ஆடு கிணற்றில் விழுந்துவிட்டது என்று கூப்பிட்டதுதான் என் நினைவில் அதிகம். புளியமரத்தில் கதண்டு கூடு கட்டிவிட்டதா, கூப்பிடு. பள்ளிக்கூடத்து ஓட்டுச் சரிவில் சாரைப்பாம்பு தொங்குகிறதா, கூப்பிடு. தேரோட்டம் என்றால் தேருக்குப் பின்னால் கடைசியாக அந்தச் சிவப்பு வண்டி நகர்ந்து வரும். அம்மன் கோயில் பூக்குழி அன்றைக்குப் பக்கத்துச் சந்தில் மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும். சாமி இறங்குவதற்கு முன்னால் பூசாரி பூக்குழியைப் பார்ப்பார், பிறகு தலையைத் திருப்பி வண்டி நிற்கிறதா என்று பார்ப்பார். அம்மன்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. இருந்தாலும் வண்டியும் நிற்கட்டும்.

ஒருதரம் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மையின் வெள்ளாடு பாழுங்கிணற்றில் விழுந்தது. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கியவர்தான் பிற்பாடு எங்களுக்குப் ‘பயர் மாமா’ ஆனார். லீடிங் பயர்மேன் என்று அவருக்குப் பதவிப் பெயர். கறுத்து மெலிந்த உடம்பு, புருவத்துக்கு மேலே பழைய தழும்பு, பேசும்போது மட்டும் தலையைச் சாய்த்துக்கொள்கிற பழக்கம். ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் மேலே வந்ததும் பெரியம்மை ஓடிப்போய் ஆட்டைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவரை ஒருவரும் கவனிக்கவில்லை. கிணற்று மேட்டில் உட்கார்ந்து, ஆடு அவர் சட்டையில் போட்டிருந்த புழுக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான்தான் பக்கத்தில் நின்றேன். “தம்பி, குடிக்கத் தண்ணி கொண்டா” என்றார். அன்றைக்கு ஓடியது, அப்புறம் மூன்று நாலு வருஷம் அவர் பின்னாலேயே ஓடினேன்.

ஸ்டேஷனுக்குள் தாழ்வாரத்தில் சிவப்பு வாளிகள் வரிசையாகத் தொங்கும். வெள்ளையில் ‘தீ’ என்று எழுதி, உள்ளே மணல் நிரப்பியிருக்கும். அந்த வாளிகளுக்கு அடிப்பாகம் தட்டையாக இருக்காது, தேங்காய் மூடி மாதிரி உருண்டிருக்கும். ஏன் மாமா இப்படி என்று கேட்டேன். “தரையில வச்சா உருண்டுரும்லே. வீட்டு வேலைக்கு ஆகாது. அதனால ஒரு பயலும் தூக்கிட்டுப் போக மாட்டான்” என்றார். வீட்டுக்கு வந்து ஆச்சியிடம் சொன்னேன். “புரிமணை மேல வச்சா நிக்கும்” என்றாள் ஆச்சி, பெட்டி ஒட்டுவதை நிறுத்தாமலே. அரசாங்கம் யோசிக்காததை ஆச்சி யோசித்துவிடுவாள்.

சித்திரை முதல் தேதி எங்களுக்கு வேப்பம்பூப் பச்சடி. அவர்களுக்கு அன்றைக்கு வேறு காரியம். ஏப்ரல் 14 காலையில் ஸ்டேஷன் முற்றத்தில் எல்லோரும் உடுப்போடு வரிசையாக நிற்பார்கள், கொஞ்ச நேரம் மௌனம். பச்சடி வாயோடு சுவரேறிக் குந்தியிருந்த எங்களையும் ஸ்டேஷன் ஆபீசர் ஒரு வருஷம் உள்ளே கூப்பிட்டுக் கதை சொன்னார். 1944-ல் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் ஃபோர்ட் ஸ்டிகீன் என்ற கப்பல். ஒரே வயிற்றில் பஞ்சுப் பொதி, எண்ணெய், சுமார் 1,400 டன் வெடிமருந்து. பஞ்சில் புகைய ஆரம்பித்ததை அணைக்கப் போனார்கள். எங்கிருந்து புகை வருகிறது என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது. சாயங்காலம் 4 மணிக்கு மேல் கப்பல் வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 பேர் செத்துப்போனார்கள். அவர்களுக்காகத்தான் இந்த நாள், இதிலிருந்து தொடங்குகிற தீத்தொண்டு வாரம். கதையில் எனக்குப் பிடித்துக்கொண்டது வேறு. அந்தக் கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன, வெடிப்பில் அவை பறந்துபோய் ஊருக்குள் விழுந்தன என்றார். நான் அன்று முழுக்க எங்கள் ஓட்டுக்கூரையில் எந்த இடத்தில் தங்கக் கட்டி விழுந்தால் ஆச்சி தலையில் படாமல் இருக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். 66 பேர் என்பது உறைக்க எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

அந்த வாரத்தில்தான் தீத்தடுப்பைச் சொல்லித் தரத் தெருத்தெருவாக வருவார்கள். எங்கள் தெருவுக்கு வந்த சாயங்காலத்தை எப்போது நினைத்தாலும் குடங்கள்தான் முதலில் ஞாபகத்துக்கு வருகின்றன. பத்து நாளைக்கு ஒருதரம் குழாயில் தண்ணீர் வருகிற கோடைக்காலம். வண்டி உள்ளே நுழைந்து, ஓஸைப் பிரித்து, தண்ணீரைப் பீய்ச்சிக் காட்டப் போகிறார்கள் என்றதும், தீத்தடுப்புப் பிரச்சாரத்துக்கு வராத வீட்டில் இருந்தெல்லாம் பெண்கள் பித்தளைக் குடமும் பிளாஸ்டிக் குடமுமாக வந்து வரிசை போட்டுவிட்டார்கள். “தாயி, இது கண்மாய்த் தண்ணி, குடிக்க ஆகாது” என்று மாமா கெஞ்சுகிறார். “மாட்டுக்கு ஆகும்லா?” என்கிறாள் எதிர்வீட்டு அத்தை. கடைசியில் பாதி டேங்கு குடத்துக்கும் பாதி பிரச்சாரத்துக்கும் போயிற்று.

பிறகு அவர் மூன்று கல்லைக் கூட்டி, விறகைப் பற்றவைத்து, பழைய இரும்புச் சட்டியில் எண்ணெயை ஊற்றினார். எங்களை எல்லாம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார். எண்ணெய் காய்ந்தது, புகைந்தது, புகை கறுத்தது, பிறகு யாரும் எதுவும் செய்யாமலே குப்பென்று தானாகப் பற்றிக்கொண்டது. “இப்ப வீட்டுல என்ன செய்வீங்க?” என்றார். “தண்ணி ஊத்துவோம்!” தெருவே சொன்னது. நீளக் காம்பு ஒன்றின் நுனியில் கட்டியிருந்த டம்ளரில் தண்ணீர் எடுத்து, தூரத்தில் நின்றுகொண்டு சட்டிக்குள் கவிழ்த்தார்.

புஸ்வாணம் பார்த்திருப்பீர்கள். அதைப் பத்தாக வைத்துக்கொள்ளுங்கள். தெருவிளக்குக் கம்பத்து உயரத்துக்கு எழும்பியது ஒரு தீப்பந்து. முகத்தில் அனல் அறைந்தது. குடங்கள் உருண்டன. நான் அருகிலிருந்த ஒரு பெண்ணின் காலைக் கட்டிக்கொண்டேன். அவர் என் வகுப்பு டீச்சர் என்பது அனல் தணிந்த பிறகுதான் தெரிந்தது.

“தாளிக்கும்போது ஈரக் கறிவேப்பிலை போட்டா என்ன ஆகுது?” என்று கேட்டார் மாமா. “வெடிக்கும்” என்றார்கள். “இதும் அதேதான். தண்ணி எண்ணெய்க்கு அடியில போயி, சூட்டுல ஒரே நொடியில ஆவியாகி, மேல இருக்க எண்ணெயை எல்லாம் தூக்கி எறிஞ்சிரும். எண்ணெய் எரிஞ்சா தண்ணிப் பக்கமே போகாதீக. அடுப்பை அணைங்க. ஒரு தட்டை எடுத்து மூடுங்க. காத்து இல்லாட்டா தீயால மூச்சுவிட முடியாது.” மறுபடியும் எண்ணெயைப் பற்றவிட்டு, ஒரு இரும்பு மூடியைப் பக்கவாட்டில் இருந்து தள்ளி மூடினார். அவ்வளவுதான். ஒன்றும் நடக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் யாருக்கும் சுவாரசியமில்லை.

ஆச்சி திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டு, எதையும் கேட்காதவள் போல் உட்கார்ந்திருந்தாள். கூட்டம் கலைகிறபோது சத்தமாக, “எண்ணெய் எரிஞ்சா தண்ணி ஊத்தக் கூடாதாம். அப்ப தாலாட்டுப் பாடவா?” என்றாள். மாமா தலையைச் சாய்த்துச் சிரித்தார். “பாடிக்கிட்டே மூடுங்க ஆச்சி.”

அன்றைக்கே இன்னும் நிறையச் சொன்னார். ஸ்டவ் எரியும்போது சீமெண்ணெய் ஊற்றாதே. முந்தானையை இழுத்துச் செருகு. கொசுவர்த்தியைக் கட்டிலுக்கு அடியில் வைக்காதே, போர்வை எப்போது நழுவும் என்று தெரியாது. உடுப்பில் தீப்பிடித்தால் ஓடாதே, ஓடினால் காற்றை நீயே தீக்கு ஊட்டுகிறாய், தரையில் விழுந்து உருளு. தெருவில் அப்போதுதான் ஒன்றிரண்டு வீட்டுக்குக் கேஸ் அடுப்பு வந்திருந்தது. அந்த வாயுவுக்குச் சொந்தமாக வாசனையே கிடையாது, கசிந்தால் தெரியட்டும் என்று எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றத்தை வேண்டுமென்றே சேர்க்கிறார்கள் என்றார். “நாத்தத்தைக் காசு குடுத்தா வாங்குதோம்?” என்று வாய்பிளந்து நின்றேன். அது காற்றைவிடக் கனம், தரையில்தான் போய்ப் படுக்கும், அதனால் ஜன்னல் மட்டும் போதாது, கதவையும் திற. சுவிட்சைப் போடாதே, போட்டிருந்தால் அணைக்கவும் செய்யாதே, அதில் வருகிற பொறி போதும். ரெகுலேட்டரை மூடு. இரவு படுக்கப்போகும்போதும் மூடு.

சுட்டுக்கொண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது மட்டும் நான் கையைப் பின்னால் மறைத்தேன். அதற்குமுன் மாசியில் புறங்கையில் இட்லிக் கொப்பரை ஆவி அடித்து, ஆச்சி ஒரு புட்டி பேனா மையை அப்படியே கவிழ்த்திருந்தாள். ஒரு வாரம் நீலக் கையோடு பள்ளிக்கூடம் போனேன். பொறாமைப்பட்டவர்களும் உண்டு. மாமா என் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். “மையும் வேண்டாம், மாவும் வேண்டாம், பேஸ்ட்டும் வேண்டாம். பத்து நிமிஷத்துக்குக் குறையாம பச்சைத் தண்ணியைச் சாய்ச்சிக்கிட்டே இருக்கணும்.” “குழாயில தண்ணி வந்தாத்தான?” என்றது ஒரு குரல். யாருடைய குரல் என்று சொல்லவேண்டியதில்லை.

இதில் ஒன்றை மட்டும் சிரிப்பில் கடந்துபோக எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு கீற்றுக் கொட்டகையில் நடந்தது. பத்தடி தள்ளிச் சத்துணவு அடுப்பு. மாமா பள்ளிக்கூடத்துக்கு வரும்போதெல்லாம் பேசி முடித்துவிட்டு, அந்தக் கீற்றையும் அடுப்புப் புகையையும் அண்ணாந்து பார்ப்பார். பெரிய வாத்தியாரிடம் ஏதோ சொல்வார். அவரும் தலையாட்டுவார். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையல்கட்டுத் தீ கீற்றுக்குத் தாவி 94 பிள்ளைகள் போனார்கள் என்று கேட்டபோது, வேலைக்குப் போன ஊரில், ஒரு டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மாமாவின் கழுத்துதான் ஞாபகம் வந்தது, அண்ணாந்தபடி.

அந்தப் பிரச்சாரத்துக்குப் பிறகு வீட்டில் நான் பண்ணிய அழிச்சாட்டியம் கொஞ்சமல்ல. ராத்திரி படுக்கும்முன் ஒரு கோணிச்சாக்கை நனைத்து அடுப்பங்கரை நிலையில் தொங்கவிடுவேன். அது சொட்டிச் சொட்டி, விடியக்காலையில் முதலில் எழும்புகிற அம்மா வழுக்கி விழுவாள். சாமி படத்துக்கு முன்னால் எரிகிற விளக்கை, ஆச்சி கண்மூடிக் கும்பிடும்போதே ஊதி அணைத்துவிட்டேன், பின்னால் நைலான் திரை இருக்கிறது என்பதற்காக. தெருப்புழுதியில் பள்ளிக்கூட உடுப்போடு உருண்டு உருண்டு பழகினேன். அதற்குக் கிடைத்த அடியை எந்தத் தண்ணீரை ஊற்றியும் ஆற்ற முடியவில்லை. பெட்டி ஒட்டுகிற ஆச்சியைச் சுற்றி மணல் வாளி வைத்தேன். “வெறும் பெட்டிலே, இதுல மருந்தே கெடையாது” என்று கத்தினாள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின ராத்திரி. அதிரசம் சுட எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது, திரி ஸ்டவ்வில். கொல்லையில் ஏதோ சத்தம் என்று அம்மா எழுந்து போனாள். பாகும் ஏலக்காயும் மணத்த வீட்டில் வேறு ஒரு காரமான வாடை முதலில் எனக்குத்தான் தட்டியது. திரும்பிப் பார்த்தேன். சட்டியில் தீ.

எனக்கு எல்லாம் தெரியும் அல்லவா? மூடியும் தெரியும், காற்றும் தெரியும், மூச்சும் தெரியும். நான் செய்தது, பிடரியில் கால்பட ஓடியது. முன்தெரு ஸ்டேஷனுக்குள் போய் “தீ! தீ! வாங்க!” என்று கத்தினேன். மாமா துள்ளி எழுந்தார். “எங்கலே? எந்தத் தெரு?” என்றார். என் வாயில் தெருப்பெயர் வரவில்லை. பிறந்ததில் இருந்து குடியிருக்கும் தெரு. அவர்தான் எங்களுக்குச் சொல்லித் தந்திருந்தார், 101-க்குப் போன் பண்ணுகிறவர்கள் பாதிப்பேர் ‘வீடு எரியுது’ என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார்கள், ஊரும் தெருவும் அடையாளமும் முதலில் சொல்லுங்கள் என்று. நான் ‘ஆச்சி, ஆச்சி’ என்றேன். அது போதுமானதாக இருந்தது. வண்டி சந்து சுற்றி வருவதற்குள், அவரும் இன்னொருவரும் கொல்லைவழியாகவே வேலி தாண்டி ஓடினார்கள்.

அடுப்பங்கரையில் புகை மட்டும்தான் இருந்தது. அம்மா சுவரோடு ஒட்டி நின்றாள், காலடியில் தண்ணீர்ச் செம்பு உருண்டு கிடந்தது. சட்டிமேல் எங்கள் வீட்டுப் பித்தளைத் தாம்பாளம், வெற்றிலை பாக்கு வைக்கிறது, கவிழ்ந்து கிடந்தது. ஆச்சி குனிந்து ஸ்டவ் திரியை இறக்கி அணைத்துவிட்டு, ஆற அமர மணையில் உட்கார்ந்திருந்தாள். அம்மா தாம்பாளத்தை எடுக்கக் கையை நீட்டியதும் பட்டென்று ஓர் அடி. “தொறக்காதட்டி! சூடு தணியட்டும். இப்பத் தொறந்தா மறுபடியும் பத்திக்கிடும்.” அப்புறம் மாமாவைப் பார்த்து, “என்ன, நான் சொல்லுதது சரிதானா?” என்றாள். அவர் பேசவில்லை. என் பக்கம் திரும்பினார். நான் நிலைப்படியில் தொங்கிய என் ஈரச்சாக்குக்குப் பின்னால் பதுங்கினேன். அது அன்றைக்குக் காய்ந்து போயிருந்தது.

தீபாவளிக்கு அவர்களுக்கு லீவு கிடையாது. மற்றவர்கள் வெடி போடுகிற ராத்திரியில்தான் அவர்கள் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார்கள். மறுநாள் காலையில், எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுச் சட்டை மொடமொடக்க, நான் ஆச்சிக்குப் பின்னால் ஸ்டேஷனுக்குப் போனேன். புது எண்ணெயில் சுட்ட அதிரசம் அதே தாம்பாளத்தில். வாங்கி மேசையில் கொட்டிக்கொண்டு, தாம்பாளத்தைத் திருப்பித் தரும்போது, அதிரசத்துக்கு அடியில் மறைந்திருந்த இடத்தில், சட்டி விளிம்பு அளவுக்கு வட்டமாகக் கறுத்திருந்ததை மாமா பார்த்தார்.

“புளி போட்டுத் தேய்ச்சாப் போயிரும் ஆச்சி.”

“தேய்ச்சேன். போகல” என்றாள் ஆச்சி. அவள் தேய்க்கவே இல்லை என்பது எனக்குத் தெரியும்.